ஒரு அங்குலம்தானே எண்டு விட்டால்…

விமானத்துக்குள் இடம் எப்படிக் காணாமல் போகிறது என்பதை விளங்கிக்கொள்ள பெரிய பொறியியல் அறிவு தேவையில்லை. புலமைப்பரிசில் பரீட்சைக் கணக்கே போதும்.

எயார்பஸ் ஏ320 விமானம் ஒன்றில் 30 வரிசை இருக்கு எண்டு வையுங்கோ. வரிசைக்கு 6 சீற். மொத்தம் 180. இப்ப ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் இருந்து ஒரே ஒரு அங்குலத்தை வெட்டி எடுங்கோ. 30 அங்குலம் மிஞ்சும். 30 அங்குலம் எண்டால் இன்னொரு வரிசை, இன்னும் 6 சீற். அதே விமானம், அதே விமானி, அதே ஓடுபாதைக் கட்டணம். அந்த விமானம் ஒரு நாளைக்கு நாலு தரம் பறந்தால் விற்க 24 ரிக்கெற் கூடுதலாகக் கிடைக்கும். வருசத்துக்கு எவ்வளவு எண்டு நீங்களே பெருக்கிப் பாருங்கோ.

ஒரு அங்குலம் குறைஞ்சதை எந்தப் பயணியும் கவனிக்கமாட்டார். அதுதான் இந்தக் கணக்கின் கெட்டித்தனம். அடுத்த தடவை இன்னொரு அங்குலம். அதையும் கவனிக்கமாட்டார். பத்து இருபது வருசத்துக்குப் பிறகு முழங்கால் முன் சீற்றில் இடிக்கும்போதுதான் "முந்தி இப்பிடி இல்லையே" எண்டு தோன்றும். அப்பவும் நாங்கள் குறை சொல்வது எங்கட உடம்பைத்தான். "வயசு போயிற்று", "உடம்பு வைச்சிற்று". சீற் சுருங்கினது எண்டு யோசிக்கிற ஆக்கள் குறைவு.

இது வெறும் வசதியைப் பற்றின கதை இல்லை எண்டதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். பாதுகாப்பு, சட்டம், யாருடைய உடம்பை வைத்து யார் கணக்குப் பார்க்கிறார்கள் என்ற கேள்வி எல்லாம் இதுக்குள்ள இருக்கு.

எப்பிடிச் சுருங்கினது?

ஒரு சீற்றில் உள்ள ஒரு புள்ளிக்கும் முன் சீற்றில் உள்ள அதே புள்ளிக்கும் இடையிலான தூரத்தை விமானத்துறையில் 'சீற் பிற்ச்' எண்டு சொல்லுவார்கள். கால் வைக்கிற இடம் என்பது முழுக்க இது அல்ல, சீற் முதுகின் தடிப்பும் இதுக்குள்ள அடங்கும். எண்டாலும் ஒப்பிட்டுப் பார்க்க இதுதான் அளவுகோல். ஒரு காலத்தில் சாதாரண வகுப்பில் 34, 35 அங்குலம் எண்டு இருந்தது. இப்ப 30, 31 எண்டால் பரவாயில்லை எண்டு சொல்லும் நிலை. மலிவு விலைக் கொம்பனிகள் சிலவற்றில் 28.

1978இல் அமெரிக்கா விமானக் கட்டணங்கள் மீதான அரச கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. அதுக்கு முதல் ரிக்கெற் விலையை அரசாங்க சபை ஒன்றுதான் தீர்மானித்தது. விலையில் போட்டிபோட ஏலாது என்றபடியால் கொம்பனிகள் சாப்பாட்டிலும் சீற்றிலும் உபசரிப்பிலும் போட்டிபோட்டன. கட்டுப்பாடு போனதும் போட்டி விலைக்கு மாறிவிட்டது. மற்ற நாடுகளும் ஒவ்வொன்றாக அந்த வழிக்கு வந்தன. ரிக்கெற் விலை குறைஞ்சது உண்மை, அது நல்ல விசயம்தான். ஆனால் விலை குறைஞ்ச வேகத்தோடு சீற்றும் குறைஞ்சது.

நீளத்தில் மட்டுமல்ல, அகலத்திலும் இதே கதைதான். போயிங் 777 விமானம் 1995இல் பறக்கத் தொடங்கியபோது சாதாரண வகுப்பில் வரிசைக்கு 9 சீற் எண்டதுதான் வழமை. இப்ப பெரும்பாலான கொம்பனிகள் அதே உடம்புக்குள் 10 சீற்றைப் போட்டிருக்கு. விமானம் அகலமாகவில்லை, சீற் ஒடுங்கினது. போயிங் 787இல் 8 பேர் இருக்கலாம் எண்டுதான் முதலில் பேச்சு. இன்றைக்கு ஜப்பான் எயார்லைன்ஸ் போன்ற மிகச் சில கொம்பனிகளைத் தவிர எல்லாரும் 9. எங்கட ஸ்ரீலங்கன் விமான சேவையின் ஏ330 விமானங்களில் 2-4-2 எண்டு 8 சீற்தான் இருக்கு. அதே ஏ330இல் 3-3-3 எண்டு 9 சீற் போட்டு ஓடுகிற மலிவு விலைக் கொம்பனிகள் ஆசியாவிலேயே இருக்கு.

பலாலியைப் பாருங்கோ. 2019 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் எண்டு திறந்த பிறகு சென்னைக்குப் பறக்கத் தொடங்கின அலையன்ஸ் எயாரின் ஏரிஆர் 72-600 விமானத்தில் 70 சீற். 2024 செப்டெம்பரில் அதே பாதைக்கு வந்த இண்டிகோவின் ஏரிஆர் 72-600 விமானத்தில் 78 சீற். இரண்டும் ஒரே ரகம், ஒரே நீளம். அந்த 8 சீற்றுக்கான இடம் வானத்தில் இருந்து வரவில்லை. ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடின பயணம் என்றபடியால் இதை யாரும் பெரிசாகக் கதைக்கப்போவதில்லை. அது நியாயமும்கூட. ஆனால் கணக்கு எப்பிடி வேலை செய்யுது எண்டு கண்ணால் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குப் பக்கத்தில் இல்லை.

கொம்பனிகளிடம் இதுக்கு ஒரு மறுமொழி இருக்கு. "சீற் முதுகை மெல்லிசாக்கிவிட்டோம், பத்திரிகை வைக்கிற பையை மேலே தூக்கிவிட்டோம், ஆகவே பிற்ச் குறைஞ்சாலும் முழங்காலுக்கு அதே இடம்தான்" எண்டு சொல்லுவார்கள். இதில் பாதி உண்மை. முழங்காலுக்குச் சரி. தோளுக்கு? முன் சீற்காரர் சாய்ந்தால் முகத்துக்கு? மெல்லிசான மெத்தையில் பதினொரு மணித்தியாலம் இருந்து லண்டன் போகிற முதுகுக்கு? சில கொம்பனிகள் சாய்கிற வசதியையே எடுத்துவிட்டு, ஏற்கெனவே கொஞ்சம் சாய்த்துப் பூட்டின சீற்றைப் போட்டிருக்கு. சீற்றை விட்டால் அடுத்தது கழிப்பறையும் குசினியும். ஏ320 ரகத்தில் 180 சீற்றாக இருந்தது 186 ஆனதுக்குப் பின்பக்கக் கழிப்பறையையும் சமையல் பகுதியையும் நெருக்கின வடிவமைப்பு ஒரு முக்கிய காரணம்.

சண்டை யாருக்கும் யாருக்கும்?

2014 ஓகஸ்டில் அமெரிக்காவில் நெவார்க்கில் இருந்து டென்வர் போன விமானம் ஒன்று இடைவழியில் சிக்காகோவில் இறக்கப்பட்டது. காரணம் குண்டும் இல்லை, இயந்திரக் கோளாறும் இல்லை. முன் சீற் சாயாமல் தடுக்கிற சின்ன பிளாஸ்ரிக் பொருள் ஒன்றை ஒரு பயணி மாட்டினார். முன்னுக்கு இருந்தவருக்குக் கோபம் வந்து சண்டையாகிவிட்டது. உலகம் முழுக்க அப்ப விவாதம் நடந்தது. சீற்றைச் சாய்ப்பது உரிமையா, மரியாதை இல்லாத வேலையா?

அந்த விவாதத்தில் ஒரு ஆள் மட்டும் இல்லை. அந்த இரண்டு பேருக்கும் ஒரே இடத்தை இரண்டு தரம் விற்ற கொம்பனி. முன்னுக்கு இருக்கிறவருக்கு "சாயலாம்" எண்டு ஒரு பொத்தானைக் கொடுத்திருக்கு. பின்னுக்கு இருக்கிறவருக்கு "இது உங்கட இடம்" எண்டு அதே வெளியைக் கொடுத்திருக்கு. பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பண்பில்லாதவர் எண்டு திட்டுகிறார்கள்.

எங்களுக்கு இது புதுசு இல்லை. "உள்ளுக்குப் போங்கோ, பின்னுக்கு இடம் இருக்கு" எண்டு கத்துகிற பஸ்ஸில் வளர்ந்த ஆக்கள் நாங்கள். நெரிபடும்போது நாங்கள் கொண்டக்டரோடு சண்டை பிடிக்கிறதைவிட, காலை மிதித்த பக்கத்து ஆளோடு சண்டை பிடிக்கிறதுதான் கூட. நெரிசல் அப்பிடித்தான் வேலை செய்யும். மேலே முடிவு எடுத்தவரைக் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் இருக்கிறவரின் முழங்கைதான் தெரியும்.

2016இல் ரொறன்ரோ, ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு பேர் விமானத்துக்குள் நடக்கிற சச்சரவுகளை ஆராய்ந்தார்கள். முதல் வகுப்பு இருக்கிற விமானங்களில் சாதாரண வகுப்புப் பயணிகளிடையே சச்சரவு கிட்டத்தட்ட 4 மடங்கு கூட எண்டு கண்டார்கள். அந்த ஆய்வின் கணக்கு முறையைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. ஆனால் படுக்கை மாதிரி விரிகிற சீற்றுகளுக்கு நடுவால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து பின்னுக்குப் போன எவருக்கும் அந்த உணர்வு விளங்கும். விமானத்தில் இடம் இல்லாமல் இல்லை. இடம் முன்னுக்குப் போயிருக்கு.

90 வினாடி

இனிச் சீரியஸான விசயத்துக்கு வருவம்.

ஒரு விமானத்தில் எத்தனை சீற் போடலாம் எண்டதுக்கு உச்ச வரம்பு ஒன்று இருக்கு. அதைத் தீர்மானிக்கிறது வெளியேறும் பரிசோதனை. பாதி வாசல்கள் பூட்டியிருக்க, இருட்டுக்குள், எல்லாரும் 90 வினாடிக்குள் இறங்க வேண்டும். 1960களில் இருந்து இதுதான் விதி. ஏ380 விமானத்துக்கு 2006 மார்ச்சில் ஜேர்மனியின் ஹம்பேர்க்கில் இந்தப் பரிசோதனை நடந்தது. 873 பேர் 78 வினாடியில் இறங்கினார்கள். பெரிய சாதனைதான்.

ஆனால் அந்த 873 பேரும் தாங்கள் பரிசோதனைக்கு வந்திருக்கிறோம் எண்டு தெரிந்து வந்தவர்கள். இப்பிடியான பரிசோதனைகளில் 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் குறிப்பிட்ட பங்கு இருக்க வேண்டும் எண்டு விதி சொல்லுது. குழந்தைகளுக்குப் பதிலாகப் பொம்மைகளைக் கொடுப்பார்கள். சக்கர நாற்காலியில் வருகிற அம்மம்மா அந்தக் கணக்கில் இல்லை.

நிஜத்தில் என்ன நடக்கும்? 2024 ஜனவரி 2ஆம் திகதி ரோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் எயார்லைன்ஸின் ஏ350 விமானம் இறங்கும்போது ஓடுபாதையில் நின்ற கரையோரக் காவல்படை விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. ஏ350இல் இருந்த 379 பேரும் உயிர் தப்பினார்கள். ஊழியர்களின் பயிற்சியும், பெட்டிகளை விட்டுவிட்டு இறங்கின பயணிகளின் ஒழுங்கும் உலகமே பாராட்டின விசயம். கடைசி ஆள் இறங்கினபோது விமானம் தரைதொட்டு 18 நிமிடம் ஆகியிருந்தது. 8 வாசல்களில் 3தான் பாவிக்கக்கூடியதாக இருந்தது. இது எல்லாம் நல்லபடியாக நடந்த ஒரு நாளின் கதை.

நல்லபடியாக நடக்காத நாளும் இருக்கு. 1985 ஓகஸ்ட் 22ஆம் திகதி இங்கிலாந்தின் மன்செஸ்ரரில் பிரிட்டிஷ் எயார்ரூர்ஸின் போயிங் 737 ஓடுபாதையில் ஓடும்போதே தீப்பிடித்தது. அது வானத்துக்கு எழும்பவே இல்லை. நிலத்தில் நிண்ட விமானத்துக்குள் 55 பேர் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் புகையால். வாசல்களுக்குப் போகிற வழி ஒடுக்கமாக இருந்ததும் சிறகுக்கு மேல் உள்ள வாசலுக்குப் பக்கத்தில் சீற் நெருக்கமாக இருந்ததும் பிறகு விசாரணையில் பேசப்பட்டது. அதுக்குப் பிறகு 1989இல் பிரித்தானியா ஒரு விதி கொண்டுவந்தது. ஒரு சீற்றின் முதுகுக்கும் முன் சீற்றின் பின்பக்கத்துக்கும் இடையில் குறைந்தது 26 அங்குலம் இருக்க வேண்டும். இது பிற்ச் அளவு அல்ல, சீற் தடிப்பைக் கழித்த அளவு. தாராளமான அளவு எண்டு சொல்ல ஏலாது. ஆனால் ஒரு அளவு. அதுக்கு 55 உயிர் போக வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் அந்த அளவும் இல்லை. 2015இல் பயணிகள் அமைப்பு ஒன்று குறைந்தபட்ச அளவைத் தீர்மானிக்கச் சொல்லி விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.க்கு மனுக் கொடுத்தது. நிர்வாகம் மறுத்தது. 2017இல் வொஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம், நீங்கள் சொல்லுகிற காரணம் காணாது, வெளியில் காட்டாத பரிசோதனைகளை வைத்துக்கொண்டு மறுக்க ஏலாது எண்டு திருப்பி அனுப்பியது. 2018இல் அமெரிக்கக் காங்கிரஸே சட்டம் இயற்றி ஒரு வருசத்துக்குள் குறைந்தபட்ச அளவைத் தீர்மானி எண்டது.

பிறகு 720 தொண்டர்களை வைத்து ஒக்லஹோமாவில் பரிசோதனை நடந்தது. எல்லாரும் 18இல் இருந்து 60 வயதுக்குள் உள்ள, உடல்நலம் உள்ள ஆக்கள். முடிவு, இப்ப இருக்கிற சீற் அளவு பெரும்பாலானவர்களின் வெளியேற்றத்தைப் பாதிக்காது எண்டு வந்தது. பிள்ளைகளும் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் இல்லாத பரிசோதனை என்றபடியால் இது முடிந்த முடிவு அல்ல எண்டு நிர்வாகமே ஒத்துக்கொண்டது. 2022இல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது 26,000க்கு மேல் கருத்துகள் வந்து குவிந்தன. 2023இல் அதே நீதிமன்றம், விதி செய்யச் சொல்லி நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்த மறுத்துவிட்டது. ஒரு வருசத்துக்குள் செய்யச் சொன்ன வேலை இழுபட்டுக்கொண்டே போனது.

இதைக் கட்டுநாயக்கவில் இருந்து யோசிச்சுப் பாருங்கோ. கொழும்பில் இருந்து லண்டனுக்கும், வளைகுடா வழியாக ரொறன்ரோவுக்கும், சென்னைக்கும் போகிற விமானங்களின் வாசலில் நிற்கிற சக்கர நாற்காலி வரிசையை நீங்கள் கண்டிருப்பீர்கள். பேரப்பிள்ளை பிறந்திருக்கு எண்டு போகிற அம்மாக்கள், கண் பார்க்கப் போகிற அப்பாக்கள், மடியில் குழந்தையோடு திரும்புகிற மருமகள்கள். 18 முதல் 60 வரையான ஆரோக்கியமான தொண்டர்கள் அல்ல எங்கட விமானங்களை நிரப்புகிறது.

"நாங்கள் கட்டை ஆக்கள்தானே"

இதை வாசிக்கிற சிலர், "இது வெள்ளைக்காரரின் பிரச்சினை. நாங்கள் உயரம் குறைஞ்ச ஆக்கள். எங்களுக்கு 29 அங்குலம் காணும்" எண்டு சொல்லலாம். நானே பல இடத்தில் கேட்ட வாதம் இது.

2007இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கு. நாலு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் இருந்து பயணம் செய்தால் காலின் ஆழ்நாளங்களில் இரத்தம் உறைகிற ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகுது எண்டு அது சொன்னது. பயப்படத் தேவையில்லை, இரட்டிப்பான பிறகும் அது ஏறக்குறைய 6,000 பேரில் ஒருவருக்குத்தான். பஸ்ஸிலும் ரெயினிலும் அசையாமல் இருந்தாலும் இதே ஆபத்து உண்டு. ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று, ஆபத்துக் கூடினவர்கள் எண்டு அவர்கள் குறித்தது 190 சென்ரிமீற்றருக்கு மேல் உயரமானவர்களை மட்டும் அல்ல. 160 சென்ரிமீற்றருக்குக் குறைவானவர்களையும்தான். எங்கட பெண்களில் எத்தனை பேர் 160க்குக் கீழே எண்டு வீட்டுக்குள்ளேயே எண்ணிப் பாருங்கோ.

நெருக்கம் எண்டது முழங்கால் மட்டும் இல்லை. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகிற தாய்க்குத் தட்டை விரிக்க ஏலாது. விரித்தால் பிள்ளைக்கு இடம் இல்லை. யன்னல் ஓரம் மாட்டுப்பட்ட வயசான மனிசி, பக்கத்தில் நித்திரையாகிற இரண்டு பேரை எழுப்ப வெட்கப்பட்டு, தண்ணீர் குடிக்காமலே ஆறேழு மணித்தியாலம் இருப்பார். தண்ணீர் குடிக்காமல், எழும்பாமல் இருக்கிறதுதான் மருத்துவர்கள் வேண்டாம் எண்டு சொல்லுகிற விசயமும்.

மலிவுதானே, பிறகென்ன?

எதிர்வாதத்தையும் நேர்மையாகப் பார்ப்பம். அதில் மூன்று பலமான விசயம் இருக்கு.

முதலாவது, மலிவு. சீற் கூடினபடியால்தான் ரிக்கெற் விலை குறைஞ்சது, முந்தி விமானத்தைக் கனவிலும் நினைக்காத குடும்பங்கள் இன்றைக்குப் பறக்குது. உண்மை. இரண்டாவது, லாபம். விமானக் கொம்பனிகள் கொள்ளை லாபம் அடிக்கிறதில்லை. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 2025க்குக் கணித்த நிகர லாபம் ஒரு பயணிக்குச் சுமார் 7 டொலர்தான். மூன்றாவது, சூழல். ஒரு விமானத்தில் கூடின ஆக்கள் போனால் ஒரு ஆளுக்கான கரிமப் புகை குறையும்.

சூழலில் இருந்து தொடங்குவம். புகையைக் குறைக்கத்தான் நெருக்குகிறோம் எண்டால், முன்னுக்கு இருக்கிற படுக்கைகளில் இருந்து தொடங்க வேண்டும். பிஸ்னஸ் வகுப்புப் பயணி ஒருவரின் பங்கு சாதாரண வகுப்பைவிட ஏறக்குறைய 3 மடங்கு எண்டு உலக வங்கி ஆய்வே சொல்லியிருக்கு. நெருக்கம் பின்னுக்கு மட்டும் நடந்து, மிஞ்சின இடம் முன்னுக்குப் போகுது எண்டால் அதுக்குச் சூழல் எண்டு பெயர் வைக்க ஏலாது.

லாபம் குறைவு எண்டதும் சரி. ஆனால் அதுதான் சட்டம் தேவை எண்டதுக்கான காரணம். லாபம் மெல்லிசான துறையில் ஒரு கொம்பனி தனியாக நல்லபிள்ளையாக இருக்க ஏலாது. பக்கத்துக் கொம்பனி ஒரு வரிசை கூடப் போட்டால் தானும் போட்டாக வேண்டும். எல்லாருக்கும் ஒரே அடிக்கோடு இருந்தால்தான் யாரும் அதுக்குக் கீழே போகாமல் போட்டிபோடலாம்.

மலிவு பற்றி. பயணிகள் மலிவைத்தான் தெரிவு செய்கிறார்கள் எண்டால், எதை விட்டுக்கொடுத்து எண்டு அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்லைனில் ரிக்கெற் தேடினால் விலை தெரியும், நேரம் தெரியும், எத்தனை கிலோ எண்டு தெரியும். எத்தனை அங்குலம் எண்டு பெரும்பாலும் தெரியாது. தெரிவதெல்லாம் கடைசிப் பக்கத்தில்: "கால் நீட்ட இடம் உள்ள சீற் வேணுமா? இன்னும் இத்தனை டொலர்." முந்தி ரிக்கெற்றோடு சேர்ந்து வந்ததை வெட்டி எடுத்து, அதையே திருப்பி விற்கிறார்கள். அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் ரிம் வூ 2014இலேயே இதைச் சுட்டிக்காட்டினார். மேலதிகக் காசு கொடுத்துத் தப்ப வேணும் எண்டு ஆக்கள் நினைக்க வேண்டுமானால், சாதாரண சேவை கொஞ்சம் துன்பமாக இருந்தாக வேண்டும்.

ரிக்கெற்றைத் தெரிவே செய்யாத ஆக்களும் இருக்கிறார்கள். 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். அதில் பெரும்பகுதி வளைகுடாவுக்கு. வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணின் ரிக்கெற்றைப் போடுகிறது பெரும்பாலும் ஏஜென்சி அல்லது அந்த வீட்டு முதலாளி. எந்தக் கொம்பனி, எந்த நேரம், எங்க மாறுகிறது, எதுவும் அவளின் தெரிவு இல்லை. "பயணி விரும்பித்தானே மலிவு ரிக்கெற் எடுத்தார்" என்ற வாதம் அவளுக்குப் பொருந்தாது. அவள் அனுப்புகிற டொலரில் நாடு மூச்சு விடுது. அவளுக்கு எத்தனை அங்குலம் எண்டு கேட்க ஒருவரும் இல்லை.

விதி இருந்தால் இடம் வரும்

"இதெல்லாம் நடக்கிற காரியமா" எண்டு கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவம்.

2022 கோடையில் பிரித்தானியாவின் ஈஸிஜெற் கொம்பனி தன் ஏ319 விமானங்களில் கடைசி வரிசையைக் கழற்றியது. 156 சீற்றாக இருந்தது 150 ஆனது. பயணிகள் மேல் இரக்கம் வந்து அல்ல. 50 சீற்றுக்கு ஒரு பணியாளர் இருக்க வேண்டும் எண்டது பாதுகாப்பு விதி. கொரோனாவுக்குப் பிறகு ஆள் தட்டுப்பாடு. 150 சீற் எண்டால் 4 பேருக்குப் பதிலாக 3 பேர் காணும். றயன்எயாருக்கு எண்டு செய்யப்பட்ட போயிங் 737 ரகத்தில் 197 சீற் இருக்கிறதிலும் இந்த விதியின் சாயல் இருக்கு. 200ஐத் தாண்டினால் ஐந்தாவது பணியாளர் வேண்டும். அதாவது, "ஒரு வரிசையைக் கழற்றினால் கொம்பனி படுத்துவிடும்" எண்டது உண்மை இல்லை. விதி இருக்கிற இடத்தில் கொம்பனிகள் கணக்கை விதிக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுது. விதி இல்லாத இடத்தில் எங்கட முழங்காலுக்கு ஏற்ற மாதிரி மாற்றாது.

மற்றது, 2017இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் தன் புதிய போயிங் 737 மக்ஸ் விமானங்களில் மூன்று வரிசைகளை 29 அங்குலமாக்கப் போகிறதாக அறிவித்தது. பயணிகளும் ஊழியர்களும் சத்தம் போட்டார்கள். சில வாரங்களில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு 30க்கு வந்தார்கள். ஒரு அங்குலம்தான். ஆனால் சத்தம் போட்டால் அங்குலம் திரும்பி வரும் எண்டு அது காட்டியது.

சத்தம் போடாவிட்டால் எந்தப் பக்கம் போகும் எண்டும் தெரியும். 2010இல் இத்தாலிய சீற் உற்பத்திக் கொம்பனி ஒன்று குதிரைச் சேணம் மாதிரி, பாதி நிண்டபடி இருக்கிற சீற்றைக் கண்காட்சிக்கு வைத்தது. பிற்ச் 23 அங்குலம். யாரும் வாங்கவில்லை. ஆனால் அவர்கள் அதைத் தூக்கி எறியவும் இல்லை. 2018இலும் 2019இலும் திருத்தின வடிவங்களோடு திரும்பி வந்தார்கள்.

இன்னுமொன்று. விமானத்தின் அடியில் பெட்டிகளோடு நாய் ஒன்றை அனுப்புவதானால், அது எழும்பி நிற்க, திரும்ப, இயல்பாகப் படுக்கக்கூடிய அளவில் கூடு இருக்க வேண்டும் எண்டு சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிமுறை சொல்லுது. நல்ல விதி, இருக்க வேண்டிய விதி. பெட்டி தொலைந்தால் நட்டஈடு கேட்க 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை இருக்கு. நாய்க்கும் பெட்டிக்கும் விதி எழுதின உலகத்துக்கு, மேலே இருக்கிற மனிசருக்கு ஒரு அளவு எழுதுவது கஷ்டமான வேலை இல்லை.

நாங்கள் கேட்கக்கூடியது

ஒரு விமானத்தின் உள் அமைப்பை அங்கீகரிக்கிறது அது பதிவான நாடு. டுபாயிலோ டில்லியிலோ பதிவான விமானத்தின் சீற்றைக் கொழும்பு அளந்து மாற்ற ஏலாது. ஆனால் ரிக்கெற் இங்க விற்கப்படுது. இங்க விற்கிற ரிக்கெற்றில் சீற் பிற்ச் எத்தனை, அகலம் எத்தனை எண்டு விலைக்குப் பக்கத்தில் போட வேண்டும் எண்டு சிவில் விமான சேவைகள் அதிகாரசபையும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையும் சேர்ந்து கேட்கலாம். பிஸ்கட் பக்கெற்றில் நிறை போடாமல் விற்க ஏலாத நாட்டில் இது பெரிய கோரிக்கை அல்ல. இங்க பதிவான விமானங்களுக்கு ஒரு குறைந்தபட்ச அளவை நாங்களே எழுதலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏஜென்சிகள் போடுகிற ரிக்கெற்றின் தரம் பற்றி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் இரண்டு வரி சேர்க்கலாம்.

அதுவரைக்கும் சின்ன வேலை ஒன்று எங்கட கையில் இருக்கு. ரிக்கெற் எடுக்கப்போனால் எங்கட ஆக்கள் ஏஜென்டிடம் முதல் கேட்கிற கேள்வி "எத்தனை கிலோ?" எண்டதுதான். முப்பதா, நாற்பதா, கையில் ஏழா எண்டு விரல் நுனியில் வைத்திருப்போம். எல்லாரும் கேட்கிறபடியால்தான் கொம்பனிகளும் கிலோவை விளம்பரத்தில் பெரிசாகப் போடுது.

அதோட சேர்த்து இனி இன்னொன்றையும் கேளுங்கோ: "எத்தனை அங்குலம்?" ஏஜென்டுக்கு மறுமொழி தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் தேடிப் பார்ப்பார். நூறு பேர் கேட்டால் கொம்பனியிடம் கேட்பார். மிளகாய்த்தூளுக்கும் பருத்தித்துறை வடைக்கும் கிலோக் கணக்கில் இடம் கேட்டு வாங்கத் தெரிந்த எங்களுக்கு, அம்மாவின் முழங்காலுக்கு அங்குலக் கணக்கில் இடம் கேட்கவும் தெரிய வேண்டும்.